உன் கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறது, கருப்பு

என் கருப்புக்கண்ணு,

அம்மா நேற்று என்னோடு பேசினாள். மற்றதெல்லாம் பிறகு, முதலில் இதை உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நீ போன பிறகு இங்கே நடந்த எதையும் நான் உனக்குச் சொன்னதில்லை. உன் படத்துக்கு முன்னால் நின்றால் பேச வாய் வராது. எழுதினால் வரும் போலிருக்கிறது.

இதை உனக்கு மட்டும் எழுதி உள்ளே வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் உன் காரியத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "கால் ஒடிஞ்சதுக்கா ஒரு புள்ள செத்துப் போவான்?" பெரியப்பா கேட்டார். உன்னோடு பள்ளியில் படித்தவர்கள் கேட்டார்கள். கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள் என்று ஊரே சொல்லும் நான், பதில் சொல்லாமல் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன். இன்றைக்குச் சொல்கிறேன். அவர்களும் கேட்கட்டும்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்கு உன்னை எப்படிச் சொல்வது? கானாடுகாத்தானில் ஹோட்டலாக மாறிவிட்ட ஒரு பெரிய வீட்டை, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது உன் வேலை. குலசாமிக்கு நேர்ந்து வைத்த கருப்பையா என்ற பெயர் வெள்ளைக்காரர்கள் வாயில் நுழையாது என்று 'கே.பி.' ஆனாய். சட்டையில் அந்தப் பெயரைக் குத்திக்கொண்டு திரிந்தாய். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால் நீ மறுபடியும் கருப்புதான்.

ஒருமுறை உன்னைப் பார்க்க அங்கே வந்திருந்தேன். பிரான்சிலிருந்து வந்த வயதான தம்பதிக்கு என்னை அறிமுகப்படுத்தினாய். நீ ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். அவர்கள் நகர்ந்ததும் கேட்டேன்.

"என்னடா சொன்னே அவுககிட்ட?"

"கிருமியெல்லாம் ஒன்னோட ஒன்னு பேசிக்கிரும், எங்கக்கா அந்தப் பேச்சைக் கெடுக்கிற ஆளுன்னு சொன்னேன்."

"நான் அப்படியாடா சொல்லிக் குடுத்தேன்?"

"நீ சொன்னதத்தான் சொன்னேன். நீ சொன்னா கொட்டாவி விடுறாக. நான் சொன்னா கையக் குலுக்குறாக."

நீ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் படிக்கும் கிருமியின் பெயர் சூடோமோனாஸ். மண்ணில் இருக்கும், குழாய்த் தண்ணீரில் இருக்கும், நல்ல உடம்பை ஒன்றும் செய்யாது. ஒவ்வொரு கிருமியும் மிகச் சின்ன மூலக்கூறு ஒன்றை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். கூட்டம் பெருகப் பெருக அந்த மூலக்கூறும் பெருகும். ஓர் அளவைத் தாண்டியதும் அது கிருமிகளுக்குள் நுழைந்து ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் புரதம் மரபணுக்களின் மேல் போய் உட்கார்ந்து, அதுவரை தூங்கிக் கிடந்தவற்றை எழுப்பிவிடும். அப்புறம்தான் நஞ்சு சுரக்கும். வழவழவென்று ஒரு பசையைச் சுரந்து மொத்தக் கூட்டமும் அதற்குள் குடியேறும். பசைக்குள் போய்விட்டால் மருந்து எளிதில் எட்டாது.

அந்தப் புரதத்தை ஏமாற்றுவதுதான் என் வேலை. கிருமி விடும் மூலக்கூறைப் போலவே தோற்றம் கொண்ட இன்னொன்றை அதற்குக் கொடுக்க வேண்டும். புரதம் அதைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். கூட்டம் எவ்வளவு பெருகினாலும் பசை சுரக்காது. பழைய மருந்தே பிறகு வேலை செய்யும். இதை நம்பித்தான் நான் காரைக்குடி ஆய்வுக்கூடத்துக்கும் வீட்டுக்குமாகப் பேருந்தில் அலைந்துகொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் நீ விழுந்தாய். புதுவயல் ரோட்டில் ஏதோ ஒரு லாரியிலிருந்து சிந்திய தவிடு மழையில் ஊறிக் கிடந்தது. உன் வண்டி அதில் வழுக்கிப் பள்ளத்துக்குள் போனது. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீரில் கால் கிடக்க, யாராவது வரும்வரை நீ அப்படியே படுத்திருந்தாய். மதுரைக்குக் கொண்டுபோனோம். கழுவினார்கள், தைத்தார்கள், உள்ளே கம்பி வைத்தார்கள். எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள். இரண்டாம் நாள் நீ சட்னி சரியில்லை என்று குறை சொன்னாய். பிழைத்துவிட்டாய் என்று நினைத்தேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. ஒருநாள் காலையில் நர்ஸ் கட்டைப் பிரித்தார். அம்மா மூக்கைச் சுளித்தாள்.

"என்னத்தா இது, திராட்சப்பழம் கனிஞ்சு அழுகுனாப்புல ஒரு வாடை?"

நீ சிரித்தாய். "பழக்கடை வச்சிருக்கேம்மா கால்ல. உனக்கு எம்புட்டு வேணும்?"

அம்மா உன் தலையில் செல்லமாகத் தட்டினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். எனக்கு அந்த வாடை தெரியும், கருப்பு. வருஷக் கணக்காக என் கையுறையிலும் மேல்கோட்டிலும் ஒட்டியிருந்த வாடை. பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டுத் துணியில் இலேசான பச்சை இருந்தது. அதையும் பார்த்தேன்.

கிருமிகளைச் சோதிக்கும் டாக்டர் என்னைத் தனியாக அழைத்து அறிக்கையைக் காட்டினார். மருந்துகளின் பெயர் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே எதிர்ப்பு, எதிர்ப்பு என்று போட்டிருந்தது; அந்த மருந்துக்குக் கிருமி சாகாது என்று அர்த்தம். கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியது. "கொடுத்துத்தான் ஆகணும்மா, வேற வழியில்லை" என்றார். நானும் தலையாட்டினேன். வேறு வழி இல்லை என்பது அவரைப் போலவே எனக்கும் தெரியும்.

திரும்பி வந்தபோது நீ என் முகத்தையே பார்த்தாய்.

"ஏக்கா, உன் கிருமிதானா?"

"ம்."

"அப்ப அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லி வையி. கே.பி. எந்தம்பி, பாத்து நடந்துக்கன்னு."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நீயே மறுபடியும் சொன்னாய். "அதத் தூக்கிப் போட்டுறாம நீயே எடுத்துக்கக்கா. வேற எங்குட்டும் தேடி அலைய வேணாம்ல." பிறகு ஆராய்ச்சிக்கு அனுமதி கேட்டு அந்த டாக்டர் வந்தபோது, காய்ச்சலோடு, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாய். அம்மா அப்போது கீழே தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

நீ விளையாட்டாகச் சொன்னாயா, தெரிந்துதான் சொன்னாயா? இதை நான் எத்தனை தரம் யோசித்திருப்பேன். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாயோ என்னவோ. நீ எதைத்தான் சிரிக்காமல் சொன்னாய், நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்புறம் நடந்தவை உனக்கே பாதிதான் தெரியும். கிருமி எலும்பிலிருந்து இரத்தத்துக்குப் போய்விட்டது. சிறுநீர் குறைந்தது. மூச்சு இழுத்தது. வாயில் குழாய் போடப் போவதாகச் சொன்னார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால், அம்மா உன் பாதத்தைப் பிடித்தபடி நிற்க, என்னைப் பார்த்துக் கேட்டாய்.

"உன் மருந்து எப்பக்கா வரும்?"

"வந்துரும்டா" என்றேன்.

அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. உனக்குள் இருந்த எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோக, தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நானும் அம்மாவும் நின்றோம். அப்பா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா, இதுதான் நீங்கள் கேட்டதற்குப் பதில். கால் ஒடிந்ததற்காக அவன் சாகவில்லை. ஒடிந்த இடத்தில் குடியேறிய ஒன்றுக்கு எங்களிடம் மருந்து இல்லை. அதனால் செத்தான்.

காரியமெல்லாம் முடிந்து நான் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிய வாரம் மதுரையிலிருந்து பெட்டி வந்தது. உன் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பி. மேலே உன் அறிக்கையில் பார்த்த எண் மட்டும். ஆராய்ச்சிக்கு வரும் குப்பிகளில் பெயர் எழுதக் கூடாது. அதை மைனஸ் எண்பது டிகிரி உறைகுளிரில், மற்ற குப்பிகளோடு வைத்துக் கதவைச் சாத்தினேன். அந்தக் குளிரில் அது வளராது, சாகாது. எத்தனை வருஷமானாலும் அப்படியே இருக்கும்.

தைப் பொங்கல் கழியும்வரை நான் அதைத் தொடவில்லை. என் வழிகாட்டியான மேடம் ஒருநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"மீனா, அந்தக் குப்பியை வேற யாரையாவது பார்க்கச் சொல்றேன். நீ செய்யணும்னு கட்டாயம் இல்லை."

"வேண்டாம் மேடம். நானே செய்றேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வேறொரு கை அதைத் தொடக் கூடாது என்று தோன்றியது. அது உன்னுடையது என்ற நினைப்பா? உன்னைக் கொன்றது அல்லவா அது?

மறுநாள் குப்பியைத் திறந்து, உறைந்த பனியை ஊசி முனையால் துளி சுரண்டி, கிருமிக்கு உணவு ஊற்றி வைத்த தட்டில் கோடிழுத்தேன். சூட்டுப் பெட்டியில் வைத்து முப்பத்தேழு டிகிரி வைத்தேன். அது உன் உடம்பின் சூடு, கருப்பு. நீ நன்றாக இருந்தபோது இருந்த சூடு. காலையில் திறந்து பார்த்தபோது கோடு முழுக்கப் பச்சையாக வளர்ந்திருந்தது. நல்ல ஆரோக்கியமாக இருந்தது. நான் தட்டை மூடிவிட்டு, கை கழுவி, மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டில் இதை யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

மாசி மாதம் ஒருநாள், நான் சில வாரமாக வீட்டுக்குப் போகவில்லை என்று, அம்மாவே பேருந்து ஏறி வந்துவிட்டாள். தூக்குச்சட்டியில் கருவாட்டுக் குழம்பும் சோறும். உள்ளே வெளியாட்களை விடமாட்டார்கள் என்பதால் வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தேன். "இளைச்சுப் போயிட்டே" என்று என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து என் கூடப் படிக்கும் பெண் ஒருத்தி, பழைய தட்டுகளை அழிப்பதற்காக டிரேயில் அடுக்கி, எங்களைத் தாண்டிக் கொண்டுபோனாள்.

அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். தலையைத் திருப்பி அந்தப் பெண் போன பக்கமே பார்த்தாள்.

"மீனா, இது என்ன வாடை?"

"லேப்புல வர்றதும்மா."

"இது அவன் கால்ல வந்த வாடைல்ல?"

"ஆமாம்மா. அந்தக் கிருமியத்தான் நான் படிக்கிறேன். உனக்குத்தான் தெரியுமே."

"அதே மாதிரிக் கிருமியா, அதேதானா?"

அம்மா இப்படிக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதே மாதிரிதான் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை.

"அதேதாம்மா. அவன் கால்லருந்து எடுத்தது."

அம்மா என் மணிக்கட்டை விட்டுவிட்டாள். பிறகு சத்தம் போடாமல், பக்கத்து வீட்டில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெதுவாகச் சொன்னாள்.

"எம்புள்ளையச் சுட்டுச் சாம்பலாக்கிக் கரைச்சுட்டு வந்தோம். இதுக்கு மட்டும் தீனி போட்டு வளக்குறியா?"

"ஆராய்ச்சிக்கும்மா. இத வச்சுத்தான்..."

"கொன்னு போட்டுரு."

"முடியாதும்மா."

"அப்ப எங்கிட்டப் பேசாத."

தூக்குச்சட்டியை பெஞ்சிலேயே விட்டுவிட்டு எழுந்து நடந்தாள். பின்னாலேயே போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மதியம் அந்தச் சோற்றைச் சாப்பிடவும் முடியவில்லை, கொட்டவும் மனம் வரவில்லை.

அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. வீட்டுக்குப் போனால் தட்டில் சோறு இருக்கும், பேச்சு இருக்காது. அப்பாதான் தோட்டத்துக்குப் போனபின் போன் செய்வார்.

"உங்கம்மா சரியாச் சாப்பிட மாட்டேங்குது. அப்படி என்னத்தா சொன்னே?"

எல்லாவற்றையும் சொன்னேன். போனில் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவன் கையெழுத்துப் போட்டானா?"

"போட்டான்ப்பா."

"தெரிஞ்சா போட்டான்?"

"காய்ச்சலா இருந்தான்ப்பா. சிரிச்சுக்கிட்டே போட்டான்."

"சரித்தா" என்று வைத்துவிட்டார். அதை அம்மாவிடம் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

இடையில் உன் ஹோட்டலின் சொந்தக்கார ஆச்சி நம் வீட்டுக்கு வந்திருந்தார். நான் அன்று வீட்டில்தான் இருந்தேன். அம்மா எழுந்து "வாங்க ஆச்சி" என்றதோடு சரி. ஆச்சிதான் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏன் இப்படி இளைச்சுட்டீக? உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, எங்க வீட்டுத் தூணு ஒவ்வொன்னுக்கும் அவன் ஒரு கதை வச்சிருந்தான். அந்த வீட்டுல பொறந்த நானே கேள்விப்படாத கதை. இப்ப வர்றவுக அதத்தான் கேக்குறாக. புதுசா வந்த புள்ளைக்கு அதையெல்லாம் யாரு சொல்லிக் குடுக்குறது?"

அம்மா சிரித்தாள். நீ போன பிறகு அன்றைக்குத்தான் அம்மா சிரித்துப் பார்த்தேன். சிரிப்பு முடிவதற்குள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உன் வேலைக்குத் தேவகோட்டையிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாளாம். நல்ல பெண் என்றார் ஆச்சி. உண்மையை மட்டும் சொல்கிறாளாம்.

இனி ஆய்வுக்கூடத்துச் செய்தி. வேதியியல்காரர்கள் எனக்காக ஒரு மூலக்கூறு செய்து தந்திருந்தார்கள். மற்றக் கிருமிகளிடம் அது வேலை செய்தது. உன்னுடையதிடம் முதலில் போட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. அளவைக் கூட்டினேன், நேரத்தை மாற்றினேன். பசை இருந்தால் ஊதாச் சாயம் ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் கழுவும்போது போய்விடும். அதுதான் சோதனை. பங்குனி வெயிலில் ஒரு நாள், கழுவிவிட்டுப் பார்க்கிறேன், தட்டின் சின்னக் குழிகளில் ஊதா இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். வெளுத்திருந்தது. உன் கிருமிகள் இருந்தன, ஆனால் பசை சுரக்கவில்லை. உன் அறிக்கையில் 'எதிர்ப்பு' என்று போட்டிருந்த ஒரு மருந்தை அதோடு சேர்த்து வைத்தேன். அடுத்த நாள் தட்டில் அந்த மருந்தைச் சுற்றி வட்டமாக ஓர் இடம் தெளிவாக இருந்தது. அங்கே ஒன்றும் வளரவில்லை.

மேடம் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் தோளைத் தொட்டார். நான் அன்று அப்பாவுக்குப் போன் செய்து, "வேலை செய்யுதுப்பா" என்று மட்டும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு நினைத்தேன்.

ஏனென்றால் இன்னொரு சோதனை இருந்தது. கிருமியை அடக்கும் ஒன்று மனிதச் செல்லை என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். மனிதத் தோல் செல்களை வளர்த்து, அவற்றின் மேல் அதே மூலக்கூறை அதே அளவில் விட வேண்டும். இந்தச் சோதனையிலும் ஊதா நிறம்தான். ஆனால் இங்கே உயிரோடு இருக்கிற செல்தான் ஊதா ஆகும். முன்னதில் ஊதா மறைந்தால் சந்தோஷம், இதில் மறைந்தால் எல்லாம் போயிற்று.

மறைந்திருந்தது, கருப்பு. குழிகள் எல்லாம் வெறும் தண்ணீர் மாதிரி இருந்தன. கிருமியை வாயடைக்க எவ்வளவு வேண்டுமோ, அதில் பாதி அளவே மனிதச் செல்லைக் கொன்றுவிட்டது.

மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் அப்படியேதான். "இது சாதாரணமா நடக்கிறதுதான் மீனா. மூலக்கூறை மாத்திப் பார்ப்போம்" என்றார் மேடம். அவர் சொன்னது சரிதான். இந்தத் துறையில் பத்தில் ஒன்பது இப்படித்தான் முடியும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் பாத்திரம் கழுவும் அறைத் தரையில் உட்கார்ந்து, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உனக்குக் கொடுக்க முடியாமல் போனதற்கு அழுதேனா, கொடுத்திருந்தால் அதுவே உன்னைக் கொன்றிருக்கும் என்று அழுதேனா, எனக்கே தெரியவில்லை.

அடுத்த நாள் அம்மா சொன்னதைச் செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். உறைகுளிர்ப் பெட்டியைத் திறந்து உன் குப்பியை எடுத்தேன். கழிவுகளை நீராவியில் அவிக்கும் எந்திரம் ஒன்று இருக்கிறது. அதன் கூடையில் போட்டேன். மூடினால் போதும். அதோடு இந்தப் படிப்பும் வேண்டாம், வீட்டோடு போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

அப்போது ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். மதுரையிலிருந்து பெட்டி வந்திருக்கிறது, கையெழுத்துப் போட வேண்டும் என்று. போய் வாங்கினேன். திறந்தேன். புதுக் குப்பிகள். எல்லாவற்றிலும் எண்கள். மற்ற நாளென்றால் எண்ணைச் சரிபார்த்து உள்ளே வைத்துவிடுவேன். அன்று கை ஓடவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கட்டில் இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு அம்மா, பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்கள் என்று அந்தப் பெட்டியில் எழுதியிருக்கவில்லை.

திரும்பிப் போய்க் கூடையிலிருந்து உன் குப்பியை எடுத்தேன். ஓரத்தில் இளக ஆரம்பித்திருந்தது. துடைத்துப் பழைய இடத்தில் வைத்து, அதற்குப் பக்கத்தில் புதியவற்றையும் வைத்தேன்.

நேற்று வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் அம்மா விதைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் ஓடு உடையும் சத்தம்தான்.

"அந்த மருந்து வேலை செஞ்சுச்சாமே. அப்பா சொன்னாக."

குரலைக் கேட்டதும் என் கை நின்றுவிட்டது. எத்தனை மாதம் கழித்து.

"தட்டுல செஞ்சுச்சும்மா."

"தட்டுலன்னா?"

"உடம்புல இல்ல. மனுஷச் செல்லு மேல போட்டா அதுவும் செத்துப் போகுது. அது மருந்தாகாதும்மா."

அம்மா ஒரு பிடி கடலையை முறத்தில் போட்டாள்.

"அது அன்னைக்கே இருந்திருந்தா, அவன் பொழச்சிருப்பானா?"

"இல்லம்மா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"அவன் கேட்டான்ல, உன் மருந்து எப்ப வரும்னு. நீ வந்துரும்னு சொன்னேல்ல. நான் அவன் காலடியிலதான நின்னேன். உங்கிட்ட மருந்து இருந்துச்சோ, நேரத்துக்குக் கொண்டு வராமப் போயிட்டியோன்னு... அன்னையிலருந்து அதுதான் எனக்கு."

நான் கடலையை அப்படியே போட்டுவிட்டேன். "இருந்தா கொண்டு வந்திருக்க மாட்டேனாம்மா?"

"தெரியுதுத்தா. புத்திக்குத் தெரியுது. மனசு கேக்க மாட்டேங்குது."

இத்தனை நாளும், கிருமியை வளர்ப்பதற்காகத்தான் அம்மா என் மேல் கோபமாக இருக்கிறாள் என்றே நினைத்திருந்தேன், கருப்பு. உனக்கான மருந்து என் பெட்டியில் பூட்டிக் கிடந்ததாக நினைத்துக்கொண்டு, அதை என்னிடம் கேட்கவும் முடியாமல், எனக்குச் சோறும் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அவள் மடியில் தலை வைத்துப் படுத்தேன். என் மேல் கண்ணீர் சொட்ட, என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்பா தோட்டத்திலிருந்து வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, காலைக்கூடக் கழுவாமல் அப்படியே திரும்பி வெளியே போனார்.

எழுந்து முகம் கழுவி வந்த பிறகு அம்மா கேட்டாள்.

"அவனேதான் அதை எடுத்துக்கச் சொன்னானாமே?"

"சொன்னாம்மா. விளையாட்டுக்குச் சொன்னானோ என்னமோ."

"அவன் விளையாட்டுக்குச் சொன்னது எதை நாம செய்யாம விட்டோம்?" என்றாள். பிறகு முறத்தைப் புடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "வச்சிரு. உனக்கு வேணுங்கிற மட்டும் வச்சிரு. அதைக் கொல்ற அன்னைக்கு என்னையக் கூப்பிடு."

"அது எப்பன்னு சொல்ல முடியாதும்மா. பத்து வருசம் ஆகலாம். அதுக்கு மேலயும் ஆகலாம்."

"நான் இல்லாட்டி அப்பாவக் கூட்டிட்டுப் போ. அவுகளும் இல்லாட்டி வேற யாரையாச்சும் கூட்டிக்க. நீ ஒத்தையில நின்னு அதைச் செய்யாத."

இவ்வளவுதான் செய்தி, தம்பி. மருந்து கிடைத்துவிட்டது என்று எழுதத்தான் ஆசைப்பட்டேன். கிடைக்கவில்லை. கிடைத்தாலும் உனக்கு இல்லை. மூலக்கூறின் ஓர் ஓரத்தை மாற்றித் தருவதாக வேதியியல்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை வாங்கப் போகிறேன். அதுவும் தோற்கலாம். தோற்றால் அடுத்ததற்குப் போவேன். உன்னிடமிருந்து எடுத்ததை யார் சொன்னாலும் பாதியில் விடமாட்டேன், அது எனக்குச் சொல்லித்தர வேண்டியது பாக்கி இருக்கும்வரை வைத்திருப்பேன். எல்லாம் முடிகிற நாளில் அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போவேன். அவள் பார்த்துக்கொண்டு நிற்க, அதை அழிப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அந்த நாளுக்காக அம்மாவை நன்றாகச் சாப்பிட வைக்க வேண்டும். இன்று காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவள்,
உன் மீனாக்கா